கிழக்குச் சுவர்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் என்னும் பகுதியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் அருகில் உள்ளன. மாலையில் சங்குமுகம் கடற்கரைக்குச் சென்றால், கதிரவன் கடலுக்குள் இறங்குவதைக் காணலாம். உங்களுக்கு அது பழகிய காட்சி. எனக்கோ, இங்கு வந்து ஆறாண்டுகள் ஆகியும், கடல் திசை மாறி நிற்பதாகவே தோன்றுகிறது. என் ஊரான தரங்கம்பாடியில் கதிரவன் கடலிலிருந்து எழுவான்.

சென்ற வாரம் வகுப்பில், சொந்த ஊர் வீட்டைப் பற்றிப் பத்து வரிகள் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "எங்கள் வீட்டை விற்றுவிட்டார்கள், டீச்சர். விற்ற வீட்டைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். ஆனால் அதற்குமேல் என்னால் பாடம் நடத்த இயலவில்லை. "அக்கா, நம் வீட்டை விலைக்குக் கேட்கிறார்கள். விடுதியாக மாற்றப் போகிறார்களாம். என்ன சொல்லட்டும்?" என்று முந்தைய இரவுதான் என் தம்பி தொலைபேசியில் கேட்டிருந்தான்.

தரங்கம்பாடி சிற்றூர்தான், அதன் வரலாறு சிறிதன்று. 1306ஆம் ஆண்டில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அங்கே அலைகளின் விளிம்பில் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டேனியர்கள் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கோட்டைக்கு எதிரே, அகன்ற தாழ்வாரங்களுடன் கடலை நோக்கி நிற்கும் பழைய பங்களா இன்று விடுதியாகிவிட்டது. விடுதியானதால்தான் அது பிழைத்தது என்பாரும் உண்டு. அக்கூற்றை என்னால் முழுவதும் மறுக்க இயலவில்லை.

எங்கள் வீடு அத்தகைய மாளிகையன்று. திண்ணை, நடுவில் முற்றம், நாட்டு ஓடு வேய்ந்த கூரை, தேக்கு உத்திரம், அவ்வளவே. முற்றத்தில் அமர்ந்தால் கடல் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஓசை மட்டும் ஓயாது கேட்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசிய சுவர்கள் கோடையிலும் குளிர்ந்திருக்கும். உப்புக்காற்றில் அப்பூச்சு ஆண்டுதோறும் சிறிது உதிரும். பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கச் செய்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் சம்பளப் பணத்தில் கிழக்குச் சுவருக்குச் சிமெண்ட் பூசினேன். "சுவருக்கு மூச்சு முட்டும், வேண்டாம்" என்றார் பாட்டி. படித்தவள் நான்; சிரித்தேன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கரையோரக் குப்பத்தில் பலர் உயிரையும் வீட்டையும் இழந்தனர். எங்கள் தெரு உள்ளே இருந்ததால், நீர் திண்ணையேறி, முற்றம் நிறைந்து வடிந்தது. பாட்டியை அண்டை வீட்டு மாடிக்குத் தூக்கிச் சென்று காத்தார்கள். பிற சுவர்கள் இரண்டு கோடைகளில் உலர்ந்துவிட்டன. நான் பூசிய சுவர் மட்டும் உலரவில்லை. உறிஞ்சிய உப்புநீர் வெளியேற வழியின்றி, சிமெண்டுக்குப் பின்னால் செங்கல் மாவாகிக்கொண்டிருந்தது. தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலித்தது. பிற்பாடு இன்டாக் அமைப்பினர் தட்டார் தெருவின் பழைய வீடுகளைச் செப்பனிட்டபோது, மீண்டும் சுண்ணாம்பையே பூசக் கண்டேன். ஒரு கொத்தனாரிடம் காரணம் கேட்டேன். பாட்டி சொன்ன அதே சொற்களைச் சொன்னார். அப்போது பாட்டி உயிருடன் இல்லை.

வாங்க வருபவர் அந்தச் சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி வைக்கப் போகிறாராம். கடல் தெரிய வேண்டுமாம். நல்ல விலை தருகிறார். தம்பிக்கு இரண்டு பெண்கள்; பணத்தேவை எனக்கும் தெரியும். மூன்று நாள் யோசித்தேன். பிறகு தம்பியை அழைத்து, தசரா விடுமுறை வரை பொறுக்கச் சொன்னேன்.

"அதற்குள் என்ன செய்வது, அக்கா?" என்றான்.

"கொல்லையில் ஒரு குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி வை. சிமெண்டைக் கொத்தியெடுக்க நானே வருகிறேன். பிறகு பேசுவோம்."