அந்தச் சுவர் யாருடையது

வண்டி இடித்துச் சுவர் விழுந்தால் நம் ஊர்களில் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டம் கூடும். டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்குவார்கள். ஒருவர் சாவியை உருவிக்கொள்வார். வண்டி ஓனர் பைக்கில் வந்து சேர்வார். கூட்டத்திலேயே ஒரு கொத்தனார் இருப்பார், குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வார். ஓனர் அதில் கால்வாசி சொல்வார். யாருக்கு ஆள் அதிகமோ அந்தப் பக்கம் தொகை சாயும். இருட்டுவதற்குள் பணம் கைமாறிவிடும். பேசி முடிக்கிறது என்று இதற்குப் பெயர்.

2024 ஜூலையில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மதிலிலும் ஒரு வண்டி ஏறியது. செங்கல் லோடு ஏற்றிய குட்டியானை, ரிவர்ஸில் வந்தது. பதினெட்டு அடி காம்பவுண்டு சுவர், கேட், கேட்டைத் தாங்கிய தூண் எல்லாம் போயிற்று. அம்மா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். சென்னையில் ஆபீஸில் இருந்த எனக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வாட்ஸப்பில் படம் அனுப்பினான். மறுநாள் காலை நான் ஊருக்குப் போய் இறங்கியபோது பேச்சு பாதி முடிந்திருந்தது.

ஓனர் பதினைந்தாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். "மிச்சத்த இவன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுத் தந்திருதேன் தம்பி, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றார். இவன் என்று அவர் காட்டிய டிரைவருக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். அம்மாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "தெரியாம நடந்துட்டு ஆச்சி. கேஸு கீஸுன்னு போயிராதீங்க."

அம்மாவுக்கும் கேஸ் வேண்டாம். "நம்ம தெருக்காரப் பய. அவன் அம்மா முகத்துல எப்படி முழிக்க?" என்றாள்.

நான் ஓனரிடம் இன்சூரன்ஸ் காப்பி கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. க்ளெய்ம் போனால் போனஸ் போய்விடும், பிரீமியம் ஏறிவிடும் என்று பயந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். நோ க்ளெய்ம் போனஸ் என்பது சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் இழப்பீட்டால் அது பறிபோகாது. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி வருஷத்துக்கு 16,049 ரூபாய். அந்தப் பணத்தை அவர் வருஷா வருஷம் கட்டியிருக்கிறார். அது கட்டாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு சொல்கிறது. இடிபட்டவன் இடித்தவனின் வசதியையோ நல்ல மனசையோ நம்பி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டாயம்.

அதாவது என் அம்மாவின் சுவருக்கான பணம் ஏற்கெனவே ஒரு நிறுவனத்திடம் கட்டப்பட்டிருக்கிறது. அதை அங்கே தூங்கவிட்டுவிட்டு, ஒரு பையனின் மாதச் சம்பளத்திலிருந்து இரண்டாயிரம் இரண்டாயிரமாக நாங்கள் பிடுங்கப்போகிறோம். இதைத்தான் எல்லாரும் விட்டுக்கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாலிசியில் நான் முதலில் தேடியது ஒரே ஒரு எண்ணை. மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்குச் சாதாரணமாக 7,50,000 ரூபாய் வரை பொறுப்பு உண்டு. கொஞ்சம் பிரீமியம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. 6,000 என்று இருந்தால் பேசிப் பிரயோஜனம் இல்லை, மீதியை ஓனர்தான் கையிலிருந்து தர வேண்டும். நல்லவேளை, ஏழரை லட்சம் என்று இருந்தது.

*

க்ளெய்ம் என்றால் முதலில் போலீஸ். ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஸ்டேஷனில் ஏட்டையா பழக்க தோஷத்தில் 279 என்று எழுதி, அடித்துவிட்டு, 281 என்று எழுதினார். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்தப் பையனின் பெயர் 'எதிரி' என்ற கட்டத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எனக்கு எதிரி இல்லை. ஆனால் காகிதத்தில் அவனை நிறுத்த வேறு இடம் இல்லை.

என் வேலையில் சர்வர் விழுந்தால் ஒரு அறிக்கை எழுதுவோம். யார் விழவைத்தது என்று அதில் பெயர் போடுவதில்லை என்பது பல கம்பெனிகளில் வழக்கம். எது உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம், அவ்வளவுதான். பெயர் போட ஆரம்பித்தால் அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். காப்பீட்டின் அடிப்படையும் இதேதான், தப்பு ஒருவருடையதாக இருக்கலாம், பாரத்தைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வாசல் போலீஸ் ஸ்டேஷன் வழியாக இருக்கிறது. அதனால்தான் நல்லவர்கள் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். பையனிடம் இதை நான் உட்கார்ந்து சொன்னேன். அவனுக்கு எவ்வளவு புரிந்தது, என்னை எவ்வளவு நம்பினான் என்று தெரியவில்லை. "சரிண்ணே" என்றான். பிறகு ஒருநாள் கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினான். ஓனர்தான் பணம் கொடுத்தார். லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். எங்கள் இன்ஜினியர் 1,42,000 என்று எஸ்டிமேட் போட்டிருந்தார். சர்வேயர் டேப் பிடித்து அளந்துவிட்டு, "சுவர் எப்போ கட்டினது?" என்று கேட்டார். 1996. இருபத்தெட்டு வருஷத் தேய்மானம் கழிக்க வேண்டும் என்றார். "பழைய சுவர்மா இது."

"பழசுதான் தம்பி. ஆனா தானா விழலியே" என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். கழிவை மாற்றவில்லை.

அடுத்து நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. டிரைவரிடம் இலகுரக வாகன லைசென்ஸ் மட்டும் இருக்கிறது, சரக்கு வண்டி ஓட்ட பேட்ஜ் இல்லை, ஆகவே பொறுப்பேற்க முடியாது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை என்று 2017இலேயே முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு மறுபரிசீலனைக்குப் பெரிய அமர்வுக்குப் போயிருந்ததைக் காட்டித்தான் நிறுவனம் தட்டிக்கழித்தது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு பழைய தீர்ப்பு சரி என்று உறுதி செய்தது. ஆபீஸ் கேன்டீனில் அந்தச் செய்தியைப் படித்து நான் சத்தமாகக் கைதட்டியதில் பக்கத்து மேசைக்காரர்கள் ஏதோ கிரிக்கெட் என்று நினைத்துவிட்டார்கள்.

*

இனி மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்ற கெடு திரும்ப வந்திருக்கிறது. ஜனவரியில் எங்கள் கெடு முடிகிறது. வக்கீல் 166ஆம் பிரிவை எடுத்துப் படித்தார். காயம்பட்டவர் மனு போடலாம். சொத்தின் உரிமையாளர் போடலாம். பிறகு நிமிர்ந்து பார்த்து, "உரிமையாளர் யாரு?" என்று கேட்டார்.

வீடு அப்பா பெயரில் இருந்தது. அப்பா 2019இல் இறந்துவிட்டார். பட்டா, வீட்டுத் தீர்வை, கரன்ட் பில் எல்லாம் இன்னும் அவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தன. மாற்றலாம் என்று தங்கையும் நானும் பேச்செடுத்தபோதெல்லாம் அம்மா, "வரட்டுமே, யாருக்கு என்ன இடைஞ்சல்?" என்று சொல்லிவிடுவாள். தபால்காரர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அம்மா உள்ளேயிருந்து "இந்தா வாரேன்" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சுவரை அப்பாவும் ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாளும் சேர்ந்து எழுப்பினார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவருக்குத் தண்ணீர் விடுவார். குடம் தூக்கிக் கொடுத்தது அம்மா.

உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. வக்கீல் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. பதினேழு வயதில் ஹாஸ்டலுக்குப் போனவன் நான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தீபாவளி, பொங்கல், கொடைக்கு வந்து தங்கிய நாட்களை எண்ணிவிடலாம். அந்தச் சுவரில் எனக்கு மூன்றில் ஒன்று. குடம் தூக்கியவளுக்கும் மூன்றில் ஒன்று.

தாசில்தார் ஆபீஸில் வாரிசு சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்தோம். படிவத்தில் இறந்தவர் பெயர், இறந்த தேதி என்று கேட்டிருந்தது. அம்மா தானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். அவசரமே இல்லாமல், இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்து எழுதினாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்றும் பேசவில்லை.

டிசம்பரில் மூன்று பேரும் மனுதாரர்களாக மனு போட்டோம். 2025 மார்ச்சில் வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதுவே முடிவு, மேல்முறையீடு கிடையாது. நிறுவனத்து வக்கீல் எழுபதில் ஆரம்பித்தார். தொண்ணூற்றைந்தாயிரத்தில் முடிந்தது. புதுச் சுவருக்குப் பாக்கி நாங்கள் போட்டோம். வீட்டுக்கென்று பாரத் கிருஹ ரக்ஷா மாதிரி ஒரு பாலிசி இருந்தால் வண்டி மோதிய சேதத்தை நம் நிறுவனமே கொடுத்துவிட்டு, அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் விசாரித்துப் பார்த்தேன், ஒருவரிடமும் இல்லை. பைக்குக்கு இருக்கிறது, செல்போனுக்குக்கூட இருக்கிறது.

பேசி முடித்திருந்தால் பதினைந்தாயிரமும், மாதம் பிறந்தால் தலை குனிந்து வந்து நிற்கும் ஒரு பையனும் மிஞ்சியிருப்பார்கள். தவணை தவறும் மாதத்தில் அவன் எங்கள் தெரு வழியாக வர மாட்டான். அவன் அம்மாவும் என் அம்மாவும் ரேஷன் கடையில் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நிற்பார்கள். விட்டுக்கொடுத்தல் என்று ஆரம்பித்த பல விஷயங்கள் நம் ஊரில் அப்படித்தான் பகையாக முடிந்திருக்கின்றன. இப்போது அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. புதுச் சுவருக்குச் செங்கல் இறக்க வந்ததும் அவன்தான். இந்தத் தடவை அம்மா ரோட்டில் நின்று "வா, வா, போதும்" என்று கை காட்டினாளாம்.

மே மாதம் தங்கையும் நானும் எங்கள் பங்கை அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். மாநகராட்சியில் பெயர் மாற்றி, முதல் தீர்வை ரசீது வந்தது. தன் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "இனிஷியல் மட்டும் உங்க அப்பாதுதான், பாத்தியா?" என்றாள்.