அவருக்காக எதைச் சமைப்பது?

எங்கள் சைவ வீடுகளில் மனித வாழ்வின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாப்பாடு உண்டு. பிள்ளைக்கு ஆறாம் மாதமளவில் கோயிலில் வைத்துச் சோறு தீத்துவோம். பல் முளைத்தால் கொழுக்கட்டை. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் உழுத்தங்களியும் பலகாரமும். ஒருவர் கண்ணை மூடினால் எட்டுக்கு அவர் விரும்பி உண்டவற்றைப் படைப்போம். 31 ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம். இவற்றில் எதையும் வீட்டார் மட்டும் உண்பதில்லை. அயலவருக்கும் கொடுத்தால்தான் காரியம் நிறைவேறியதாகக் கொள்வோம்.

ஆனால் காணாமற்போனவருக்கு என்ன சமைப்பது? அதை என் அம்மாவோ அம்மம்மாவோ எனக்குச் சொல்லித் தரவில்லை.

2009 மே மாதம் வட்டுவாகலில் சனநெரிசலில் என் கணவரைத் தவறவிட்டேன். கையில் ஏழு மாதப் பெண்குழந்தை. செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அவளுக்குக் கீழ்முரசில் இரண்டு பல் தெரிந்தது. பக்கத்துக் கூடாரத்து ஆச்சி, "கொழுக்கட்டை கொட்டாமல் விடக்கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்றார். முறைப்படி அரிசிமா, பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை வேண்டும். எங்களிடம் இருந்தது நிவாரணத்தில் கிடைத்த கோதுமை மாவும் பருப்பும் சீனியும்தான். பருப்பை அவித்துச் சீனி சேர்த்து உள்ளே வைத்தோம். பல்லாகச் செருகத் தேங்காய்ச்சொட்டு இல்லை. அரிசிமணிகளைக் குத்தினோம்.

பிள்ளையின் தலையில் கொட்டுவதற்கு மாமி முறையானவர் எவரும் அருகில் இல்லை. நானே சுளகைத் தூக்கினேன். அப்போது ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "சுமங்கலியள்தானே கொட்ட வேணும்?" எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். தாலியை இடப்பெயர்வின்போதே விற்றுவிட்டிருந்தேன்.

"புருசன் செத்ததை ஆரும் கண்டனீங்களே? பெத்தவள் கொட்டட்டும்" என்றார் ஆச்சி.

கொட்டினேன். பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் வைத்துச் சிரித்தாள். மிச்சத்தை ஒவ்வொன்றும் பாதியாக்கி அயற்கூடாரங்களுக்குக் கொடுத்தோம்.

மீள்குடியேறிய பின்னர் மாமி கேட்கத் தொடங்கினார்: "திவசம் குடுப்பம் பிள்ளை. என்ர பிள்ளை பசியோட அலையப்போறான்." மாமிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகனுக்குச் சோறு போய்ச் சேரவேண்டும் என்ற தாயின் தவிப்பு அது. ஆனால் திவசத்துக்கு உலை வைத்தால் அவரை நானே கொன்றுவிட்டதுபோல் இருக்கும் என்று பயந்தேன். 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச்சான்றிதழ் எடுக்காமலே காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெற வழி வந்தது. தாளுக்கு ஒரு வழி கிடைத்தது. என் அடுப்புக்குத்தான் கிடைக்கவில்லை.

கடைசியில் மாமியும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் பிறந்தது ஆவணி மாதத்து அத்த நட்சத்திரம். அந்த நாளில் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் பாயாசமும் சமைத்து, எங்கள் ஊரில் தனித்திருக்கும் முதியவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இறந்த நாள் வேண்டாம் என்ற என் மனமும் ஆறியது. சோறு போய்ச் சேர்ந்தது என்று மாமியின் மனமும் ஆறியது. "எங்கையாவது இருந்தாலும் அவனுக்கு வயிறு நிறையட்டும்" என்றார். இன்றும் அந்த நாளைத் தவறவிடுவதில்லை.

சில ஆண்டுகளின் பின் மாமி காலமானார். எட்டு, அந்தியேட்டி, திவசம் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். திகதியோடு வரும் துக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மாமிக்காக அழுதேன். அவருக்காகவும் சேர்த்து அழுதேன்.

சகோதரிகளே, என்போன்ற சிலர் திவசம் கொடுத்து ஆறுதல் அடைந்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது பிழையென்று ஒருவரும் சொல்ல வேண்டாம். கொடுக்க மனம் வராதவளை வற்புறுத்தவும் வேண்டாம். உங்கள் அயலில் ஒரு பிள்ளைக்குப் பல் முளைத்தால், தாயின் கழுத்தைப் பார்க்காமல் சுளகை அவள் கையில் கொடுங்கள்.