மணப்பாட்டில் நான்கு இரவுகள்

திருச்செந்தூரிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரைச் சாலையில் செல்வோருக்கு, குலசேகரன்பட்டினத்தைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம், கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்குன்று ஒன்றும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் கண்ணில் படும். அதுவே மணப்பாடு. வழியெங்கும் செந்நிறத் தேரி மணல், பனைகள், இடையிடையே உடைமரங்கள். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் நம் நாட்டின் இரண்டாம் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வருங்காலத்தில் இக்கரையில் ஏவுகலங்களின் முழக்கமும் கேட்கும். இன்று வரையில் இங்கே ஆட்சி புரிவது கடலின் ஓசை ஒன்றே.

சென்ற ஆண்டு, தவக்காலத்திற்குச் சில நாட்களுக்கு முன், குருமடத்தில் என்னோடு பயின்ற நண்பரான குரு ஒருவருடன் இவ்வூருக்குச் சென்றேன். அவருக்குத் தெரிந்த குடும்பத்தாரின் பழைய வீடொன்றில் மாடியறை எங்களுக்குக் கிடைத்தது. என் கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் உடைகளும் செபப் புத்தகமும். மற்றொன்றில், பதினைந்து நாட்களாக நான் திறந்தும் பாராத ஓர் இயந்திரம்.

அந்த இயந்திரத்தின் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தேன். கம்பித் தட்டிக்கு அப்பால் ஒருவர் வந்து முழந்தாளிட்டார். அவருக்கு ஆசி கூறியது நினைவிருக்கிறது. அதன்பின் நினைவில்லை. கண் விழித்தபோது தட்டிக்கு அப்பால் யாருமில்லை. உறங்கும் குருவைக் கண்டு அந்த ஆன்மா எழுந்து போய்விட்டது. எத்தனை ஆண்டுகளாகச் சுமந்து வந்த பாரத்தோடு வந்தாரோ, அதை இறக்கி வைக்காமலேயே திரும்பியிருப்பாரோ என்று எண்ணி அன்றிரவு நான் அழுதேன். மறையுரைக்கு ஆயத்தம் செய்கையிலும், திருப்பயணப் பேருந்திலும், ஏன், உணவு மேசையிலுங்கூட நான் உறங்கிப் போவதை ஊரார் அறிவர். வயதின் சோர்வு என்று அதுவரை சமாதானம் சொல்லி வந்தேன். அன்று முதல் அச்சமாதானம் செல்லவில்லை.

மருத்துவர் என்னை ஓர் இரவு சோதனைக்கு உட்படுத்தினார். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். மணிக்கு 30 முறைக்கு மேல் இவ்வாறு நேர்ந்தால் நோய் கடுமையானது என்பர். எனக்கு அது 38. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் நான் உண்மையில் உறங்கவேயில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. கவனியாமல் விட்டால் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் பக்கவாதமும் நெருங்கி வரும் என்றும் மருத்துவர் எச்சரித்தார்.

இதற்கு அவர் தந்த துணையே சி-பேப் எனும் கருவி. சிறு பெட்டிக்குள் சுழலும் விசிறியொன்று காற்றை இழுத்து, குழாய் வழியாகவும் முகத்தில் அணியும் மாஸ்க் வழியாகவும் மெல்லிய அழுத்தத்தோடு செலுத்துகிறது. அக்காற்றே தொண்டையைத் திறந்து தாங்கி நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவரான காலின் சலிவன் 1981-ஆம் ஆண்டு இம்முறையை உலகுக்கு அறிவித்தார். தொடக்க காலக் கருவிகள் பெரும் இரைச்சல் எழுப்பியவை. இன்றைய கருவிகளோ பெரும்பாலும் 30 டெசிபலுக்கு மேல் ஒலிப்பதில்லை. அது காதோடு பேசும் பேச்சின் அளவே.

ஆயினும் நள்ளிரவில் தனியே படுத்திருப்பவனுக்கு அக்கணக்கு ஆறுதல் தராது. என் பங்கு இல்லம் அமைதியான இடத்தில் உள்ளது. அந்த அமைதியில் இயந்திரத்தின் ரீங்காரம் என் மண்டைக்குள்ளேயே சுழல்வது போலிருந்தது. என் மூச்சே குழாயில் புகுந்து யாரோ பக்கத்தில் பெருமூச்சு விடுவது போல் திரும்பி வந்தது. நான்கு இரவுகள் பொறுத்தேன். ஐந்தாம் இரவு கழற்றி எறிந்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் கருவி பைக்குள் போயிற்று. மணப்பாட்டிற்கு ஏன் எடுத்துச் சென்றேன் என்றால், மருத்துவர் கேட்டால் எடுத்துச் சென்றேன் என்று பொய்யில்லாமல் சொல்வதற்காகவே!

மணப்பாட்டுக் குன்றின் வரலாறு நம் விசுவாசிகளுக்குப் புதியதன்று. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் தலைவன், உயிர் தப்பினால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, முறிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து இக்குன்றில் நாட்டினான் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். குன்றின் கடலோரச் சரிவிலுள்ள குகையில் அவர் தங்கிச் செபித்தார் என்பர். அங்குள்ள சிறு கிணற்றின் நீர் கடலுக்கு இத்தனை அருகிலிருந்தும் உவர்ப்பதில்லை என்று பருகியோர் வியப்பர். குன்றின் மேலுள்ள கோயில் 1581-இல் எழுந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவைப் பெருவிழாவுக்கு மக்கள் வெள்ளமெனத் திரள்வர். நாங்கள் சென்றது விழா இல்லாத நாட்கள். கோயிலில் நான்கைந்து பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். வெளியே காற்றும் கடலும் மட்டுமே.

முதல் இரவு நான் பையைத் திறக்கவில்லை. அலையோசையில் நன்றாக உறங்கியதாகவே நினைத்தேன். காலையில் நண்பரின் கண்கள் சிவந்திருந்தன.

"கடலை நான் கேட்கவேயில்லை. உன் குறட்டையைத்தான் கேட்டேன். அதைவிடக் கொடுமை, நடுநடுவே அது நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் நீ மறுபடி மூச்சு விடும் வரையில் நான் மூச்சு விடவில்லை" என்றார்.

அறையில் தனித்து உறங்கும் எனக்கு இதைச் சொல்ல இதுவரை ஒருவருமில்லை. குடும்ப வாழ்வில் இருப்போருக்கு இந்தச் சாட்சி பக்கத்திலேயே உண்டு. மனைவியோ கணவரோ இப்படிச் சொன்னால், கேலி என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

காலைத் திருப்பலிக்குப் பின் கரையில் நடந்தோம். வலை சீர்படுத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வணங்கினார். கொச்சிப் பக்கம் விசைப்படகுகளில் தங்கல் தொழிலுக்குப் பல ஆண்டுகள் சென்றவராம். நாட்கணக்கில் கடலிலேயே கிடக்கும் தொழில் அது.

"படகில் எங்கே உறங்குவீர்கள் பெரியவரே?" என்று கேட்டேன்.

"என்ஜினுக்கு மேலதான் சாமி படுக்கை. மொதப் பயணத்துல மூணு நாளு கண்ண மூட முடியல. நாலாம் நாளு சத்தம் எங்க போச்சுன்னே தெரியல. அப்புறம் பாத்தா, நடுக்கடல்ல என்ஜின் நின்னாத்தான் எல்லாவனும் பதறி முழிப்போம். சத்தம் கேட்டா நல்லா இருக்கோம்னு அர்த்தம் சாமி" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். நான்கு நாட்களில் பழகிய ஒலியை அவர் பிழைப்பு என்று ஏற்றார். நானோ அதனைப் பகைவன் என்று எண்ணி, இரவெல்லாம் விழித்திருந்து காவல் காத்தேன். பகைவனுக்குப் பக்கத்தில் யார் உறங்குவார்?

அன்று பிற்பகலே பையைத் திறந்தேன். பகல் வெளிச்சத்தில் மாஸ்க்கை அணிந்து, கருவியை இயக்கி, படுக்காமல் நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரம் வாசித்தேன். உறங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது அந்த ஒலி அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. அப்போதுதான் அதனை நிதானமாகக் கேட்டேன். கேட்கக் கேட்க, இரைச்சல் என்று நான் நினைத்தது ஒன்றன்று, பல என்பது புரிந்தது.

முதலாவது, மோட்டாரின் ரீங்காரம். கருவியை மரமேசை மேல் வைத்திருந்தேன்; மேசையும் சேர்ந்து அதிர்ந்தது. மடித்த துண்டின் மேல், தலையணைக்குத் தாழ்வான சிறு முக்காலியில் வைத்தவுடன் பாதி ஓசை அடங்கிற்று. ஆனால் காற்று நுழையும் வாயைத் துணி மூடலாகாது. அங்குள்ள பில்டரில் தூசி அடைந்தாலும் ஓசை கூடும். அதைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, மாஸ்க்கின் சிறு துளைகளில் எழும் சீறல். நாம் வெளிவிடும் மூச்சு வெளியேறுவது அவ்வழியே. ஆகவே அதனை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

மூன்றாவது, மாஸ்க் முகத்தில் பொருந்தாமல் விளிம்பில் கசியும் காற்றின் கீச்சொலி. என்னை விரட்டியது பெரும்பாலும் இதுவே. கசிவு என்றதும் நான் பட்டைகளை இறுக்கினேன். இறுக்க இறுக்கக் கீச்சொலி கூடிற்று. படுத்த நிலையில் கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி மறுபடி அமர்த்தி, பட்டைகளைச் சிறிது தளர்த்தியதும் அது நின்றது. அளவு பொருந்தாத மாஸ்க் எனில் வேறு அளவு கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

நான்காவது, குழாய்க்குள் நீர் தேங்கி எழும் களகள ஒலி. காற்றை ஈரமாக்கும் நீர்த்தொட்டி உள்ள கருவிகளில் அறை குளிர்ந்தால் இது நேரும். ஈரப்பத அளவைக் குறைப்பதும் குழாய்க்கு உறை போடுவதும் உதவும்.

எஞ்சியது என் மூச்சின் ஓசை. அதற்கு மருந்தில்லை. அது இருக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் இரவு இரண்டு மணி நேரம் அணிந்தேன். சில கருவிகளில் அழுத்தம் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக உயரும் ஏற்பாடு உண்டு, அதனை இயக்கிக்கொண்டேன். மூன்றாம் இரவு, ஒலியைத் துரத்துவதை விட்டு, மூச்சு உள்ளே செல்கையில் 'இயேசுவே' என்றும் வெளியே வருகையில் 'இரக்கமாயிரும்' என்றும் மனத்துக்குள் சொல்லத் தொடங்கினேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. கண் விழித்தபோது மணி மூன்றரை. நான்காம் இரவு விடியும் வரை உறங்கினேன். கண் திறந்தபோது நண்பர் என் கட்டிலருகே குனிந்து நின்றார்.

"குறட்டையே இல்லையே, உயிர் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன்" என்றார்.

"இயந்திரத்தின் ஓசை?" என்றேன்.

"எந்த ஓசை?" என்றார்.

புறப்படும் முன் மீண்டும் குகைக்குச் சென்றேன். புனித சவேரியார் 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில், செபங்களைக் கற்றுத் தரும்படி சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு, தம்மைச் செபிக்கவும் உண்ணவும் உறங்கவும் விடுவதில்லை என்று குறிப்பிடுகிறார். அந்த ஆரவாரத்தை அவர் இடையூறாகக் கருதவில்லை. நம் ஆண்டவரும் புயலின் நடுவே படகின் பின்புறத்தில் தலையணை வைத்து உறங்கினார் என மாற்கு எழுதுகிறார். ஓசையற்ற இடம் கிடைத்த பின்புதான் இளைப்பாறுதல் என்று காத்திருந்தால், இவ்வுலகில் எவரும் இளைப்பாற இயலாது என்பதை அந்தக் குகையில் உணர்ந்தேன்.

மெய்யைச் சொல்லிவிடுகிறேன். கடலை நான் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. திரும்பி வந்த முதல் வாரம் மறுபடி தடுமாறினேன். மின்விசிறியைச் சற்று வேகமாகச் சுழலவிட்டேன். அலைகளின் இடத்தை ஓரளவு அது நிரப்பிற்று. ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழகிப் போயிற்று. ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் தடைப்பட்டது. கருவி நின்ற அக்கணமே விழித்துக்கொண்டேன். இருளில் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே, மணப்பாட்டுப் பெரியவரை நினைத்துச் சிரித்தேன்.

இக்கருவியை வாங்கி, இரைச்சல் தாளாமல் அலமாரிக்குள் வைத்துவிட்ட அன்பர்கள் நம் பங்குகளிலும் இருக்கக்கூடும். அவர்கள் அதனை மீண்டும் வெளியே எடுக்க வேண்டுகிறேன். புதிதாக உரத்த ஒலி எழுந்தால் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். அழுத்தத்தை நீங்களே மாற்றாமல் மருத்துவரைக் கேளுங்கள். பக்கத்தில் உறங்கும் துணைவரும் சில வாரங்கள் பொறுமை காப்பது பெரிய அன்புச் செயல்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்தச் சனிக்கிழமை மாலை என் முன் முழந்தாளிட்டு, பேசாமல் எழுந்து சென்றவர் யாரென்று நான் அறியேன்; அறிய முயலவும் மாட்டேன். அவர் இதனை வாசிக்க நேர்ந்தால், என்னை மன்னிப்பாராக. சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் அமர்ந்திருக்கிறேன். இப்போது விழித்திருக்கிறேன்.