சீட்டியும் துப்பாக்கியும்

சீட்டி அடிப்பதில் நமக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் உண்டு. அதாவது, தெருப் பையன்களிடையே நல்ல பெயர். வீட்டில் கெட்ட பெயர். "ராத்திரியில் சீட்டி அடித்தால் பாம்பு வரும்" என்று பாட்டி பயமுறுத்துவாள். பாம்பு வரவில்லை. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, அந்தச் சீட்டியினால் வேறொன்று வந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கானடா தேசத்தில் ஸஸ்காட்செவான் மாகாணத்தில் நம் மருமான் உத்தியோகம் பார்க்கிறான். ஒரு வைகாசி மாதத்தில் அவனிடம் சென்று சில வாரங்கள் தங்கியிருந்தோம். அவன் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி, வானம்தான் பெரிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் பண்ணைக்கு நம்மை அழைத்துச் சென்றான். எழுபது பிராயம் கடந்த குடியானவர் அவர். பேச்சு கொஞ்சம், உபசாரம் அதிகம்.

அவருடைய புல்வெளியில் எங்கு பார்த்தாலும் வளைகள். வளைக்கு வளை ஓர் அணில். 'ரிச்சர்ட்ஸன் தரை அணில்' என்பது புத்தகப் பெயர்; அவ்வூர்க் குடியானவர்கள் 'கோபர்' என்கிறார்கள். நம் அணிலைப் போல முதுகில் கோடு கிடையாது. மரத்தில் வாசமும் கிடையாது. மண் நிறம். வருஷத்தில் பெரும் பகுதியை வளைக்குள் உறங்கியே கழிக்கும். விழித்திருக்கும் சில மாதங்களில் புல்லையும் இளம் பயிரையும் தின்று கொழுக்கும். தீனி போவதுகூடப் பெரிதல்ல. மேய்கிற குதிரையோ மாடோ வளையில் கால் வைத்து முறித்துக் கொள்ளுமே என்பதுதான் பெரியவரின் கவலை. ஆகவே அவர் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி.

காற்றுத் துப்பாக்கி வலுக் குறைந்த ஆயுதம். 30 கஜத்துக்கு அப்பால் அதை நம்புவதற்கில்லை. சிறிய ஈயக் குண்டு தலையில் பட்டால் பிராணன் உடனே போகும். வேறெங்கேனும் பட்டால் அணில் வளைக்குள் புகுந்து துடித்துத் துடித்துச் சாகும். ஆகையால் அது அசையாமல் நிற்க வேண்டும். அதை நிற்க வைப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. கூர்மையாக, சுருக்கமாக ஒரு சீட்டி! ஓடுகிற அணில் சட்டென்று நின்று, பின்னங்கால்களில் எழுந்து நாலா புறமும் பார்க்கும். சில சமயம் வளைக்குள் இருப்பதும் தலையை நீட்டும். அந்த ஒரு விநாடி போதும்.

"ஓடும்போது சுட்டால் காயம்தான் படும். நிற்கும்போது சுட்டால் அதற்கு வலி தெரியாது. சீட்டி கருணைதான்" என்றார் பெரியவர். ஆனால் பல் செட்டுக் கட்டிக்கொண்ட பிறகு அவருக்குச் சீட்டி வருவதில்லையாம்.

"எங்கள் மாமா பிரமாதமாய்ச் சீட்டி அடிப்பார். அம்மா சொல்லியிருக்கிறாள்" என்று மருமான் நம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டான்.

உண்மையை ஒளிப்பானேன்? முதலில் நமக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாம் சீட்டி அடித்தோம். இருபது கஜத்துக்கு அப்பால் ஓர் அணில் எழுந்து, முன்னங்கைகளை மார்போடு சேர்த்துக் கொண்டு, கும்பிடுவதுபோல் நின்றது. துப்பாக்கி 'டப்' என்றது. அவ்வளவுதான். அன்று காலையில் ஏழு தடவை இவ்விதம் நடந்தது. ஏழாவது அணிலைப் பெரியவர் பூட்ஸ் காலால் புரட்டினார். அதன் வயிற்றில் பால் காம்புகள் தடித்திருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. சீட்டி கேட்டு அது ஏன் எழுந்து நிற்கிறது என்ற கேள்வி மனத்தைக் குடைந்தது. மறுநாள் மருமான் சில கட்டுரைகளைத் தேடிக் கொடுத்தான். படித்தோம், படிக்காமலிருந்திருக்கலாம் என்று தோன்றிற்று.

இந்த அணில்களுக்கு எச்சரிக்கைக் குரல்கள் உண்டு. பருந்து முதலியவை வானத்தில் வந்தால் ஒரு குறுகிய கீச்சொலி. தரையில் பகை வந்தால் நீண்ட சீட்டி. கலிபோர்னியாவில் டியோகா கணவாய்ப் பக்கத்தில் வாழும் வேறொரு ஜாதித் தரை அணிலைப் பால் ஷெர்மன் என்ற விஞ்ஞானி ஆராய்ந்து, 1977-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார். தரைப் பகையைக் கண்டு அதிகமாகக் கூவுகிறவை, பக்கத்தில் பெண்ணும் தாயும் சகோதரியும் உள்ள பெண் அணில்களே. கூவுகிற அணிலைப் பகை எளிதில் கண்டுகொள்ளும். தன் தலைக்கு ஆபத்து என்றாலும் உற்றாரைக் காக்க அது கூவுகிறது.

நம் உதட்டில் பிறந்த சீட்டி அந்தக் குரலுக்கு ஒப்பானது. 'ஜாக்கிரதை!' என்று யாரோ ஓர் உறவு கூவியதாக எண்ணித்தான் அந்த ஏழும் எழுந்து நின்றன.

கொல்வது பாபம் என்று அந்தக் குடியானவருக்கு உபதேசம் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை. 1926-ம் வருஷத்தில் ஆமதாபாத் ஆலை முதலாளி ஒருவர் வெறி நோய்க்கு அஞ்சி 60 தெரு நாய்களைக் கொல்லச் செய்தபோது, காந்தியடிகள் அதை ஆதரித்து 'யங் இந்தியா'வில் எழுதினார். கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன, அவர் பின்வாங்கவில்லை. ஆனால் காரியம் மட்டுமல்ல, அதற்கான வழியும் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதை ஆயுள் முழுதும் வற்புறுத்தியவரும் அவரே. சீட்டி வலியைக் குறைக்கிறது என்று பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆயினும், காக்கப் பிறந்த குரலைக் கொண்டே கொல்வது நம் மனத்துக்கு ஒப்பவில்லை.

பொய்க்குரலுக்குத் தண்டனையும் உண்டு. ஜேம்ஸ் ஹேர் என்பவரும் அவருடைய துணைவரும் மானிடோபாவில் இதே ரிச்சர்ட்ஸன் அணிலைச் சோதித்து 2001-ல் எழுதியிருக்கிறார்கள். உண்மையான ஆபத்தோடு கூவியது யார், வெறுமே கூவியது யார் என்று குட்டிகள் பிரித்தறிகின்றன. பொய்யன் குரலுக்கு அவ்வளவாகச் செவி சாய்ப்பதில்லை. மேடை ஏறி ஓயாமல் 'ஆபத்து, ஆபத்து' என்று கூவும் மனிதர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

அடுத்த ஞாயிறு பெரியவரிடம், "சீட்டி வரவில்லை" என்றோம். அவர் நம்மைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கும் பல்லினால் மட்டுமல்ல" என்றார். பிறகு காப்பி கொடுத்தார்.

ஊர் திரும்பிவிட்டோம். நம் கொல்லைச் சுவரில், ராமர் தடவியதாகச் சொல்லும் மூன்று கோடுகளோடு ஓர் அணில் இருக்கிறது. சில நாள் அது ஓயாமல் 'கீச் கீச்' என்று கத்தும். முன்பெல்லாம் "சனியன், தூங்க விடமாட்டேன் என்கிறது" என்று சலித்துக்கொள்வோம். இப்போது எழுந்து போய், பூனை எங்கே என்று பார்க்கிறோம். அநேகமாக, கிணற்றடியில் இருக்கிறது.