மிரஜ் நகரத்துச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. கறிக்கு உதவாத வேறொரு சுரைக்காய் சங்கீதத்துக்கு உதவுகிறது. அதனைக் காண விரும்பும் அன்பர்கள் மகாராஷ்டிரத்தின் தெற்கே உள்ள மிரஜ் நகருக்குச் செல்ல வேண்டும். மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மவரில் பலர் அவ்வூரை ஒரு ரயில் சந்திப்பாக மட்டுமே அறிவர். கோலாப்பூருக்கும் பெலகாவிக்கும் பண்டரிபுரத்துக்கும் பாதைகள் பிரியும் இடம் அது. வண்டி நிற்கும் சில நிமிடங்களில் தேநீர் அருந்திவிட்டு மேலே சென்றுவிடுவதே நம் வழக்கம். இம்முறை நாங்கள் குடும்பத்தோடு அங்கே இறங்கினோம்.

அருகிலுள்ள சாங்லி, மஞ்சள் வாணிபத்தில் நம் ஈரோட்டுக்கு இணையாகப் பேசப்படும் ஊர். அதன் சுற்றுவட்டாரமெங்கும் திராட்சைத் தோட்டங்கள். பறித்த பழத்தில் ஒரு பகுதி உலர்ந்து கிஸ்மிஸ் ஆகிறது; ஒரு பகுதி மதுவாகவும் மாறுகிறது. கனியானது காலத்தின் கைபட்டு வேறொன்றாகும் விந்தை இங்கே சாதாரணக் காட்சி. அவ்விந்தையின் சிகரம் என்று நாம் கருதுவது சுரைக்காய் தம்பூராவாகும் கோலமே.

மிரஜில் சிதாரும் தம்பூராவும் செய்யும் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெரு ஒன்று உண்டு. அவர்களுடைய மூதாதையர் வாள் முதலிய ஆயுதங்களைத் தீட்டிச் செப்பனிட்டவர்கள். போர்கள் ஓய்ந்த 19ஆம் நூற்றாண்டில் அக்கைகள் இசைக்கருவி செய்யும் பணிக்குத் திரும்பின. மிரஜின் சிதாருக்கும் தம்பூராவுக்கும் 2024ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

நாங்கள் நுழைந்த பட்டறையின் விட்டத்தில் குடம் குடமாய்ச் சுரைக்காய்கள் தொங்கின. பண்டரிபுரம், மங்கள்வேடா பக்கத்தில் விளைந்தவை அவை. “இதைச் சமைக்கலாமா?” என்று எங்கள் பெண் கேட்டாள். முதிய கைவினைஞர் சிரித்தார். “கசப்பு, தாயே! நாவுக்கு ஆகாது, செவிக்கு ஆகும்” என்றார் இந்தியில். காய்ந்து கெட்டியான காயை நீரில் ஊறவைத்து, அறுத்து, தூன் மரத்தாலான கழுத்தோடு பொருத்துகிறார்கள். நம் தஞ்சாவூர்த் தம்பூராவின் குடம் பலாமரத்தில் குடைந்தெடுத்தது. இங்கோ காயே குடம். நான்கு தந்திகளும் தவழும் குதிரையை அவர் மெல்ல மெல்ல அரத்தால் தேய்த்து, மீட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். பின்பு தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூல் இழையைச் செருகி இம்மியளவு நகர்த்தினார். அதுகாறும் மரமும் கம்பியுமாய் இருந்த பொருள் சட்டென ரீங்கரித்தது. அவ்விழைக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்பதே அதன் பொருள்.

அங்கிருந்து மீரா சாகேப் தர்காவுக்குச் சென்றோம். கிரானா பாணியின் பேராசான் உஸ்தாத் அப்துல் கரீம் கான் அங்கேதான் துயில்கிறார். உத்தரப் பிரதேசத்துக் கைரானாவில் 1872இல் பிறந்து, மிரஜைத் தம் ஊராக்கிக்கொண்டவர். மைசூர் சமஸ்தானத்தில் கர்நாடக வித்வான்களோடு பழகி, நம் சங்கீதத்தை மதித்துக் கற்றவர். தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடியவர். அவருடைய சீடர் சவாய் கந்தர்வர். அவர் வழி வந்தோர் கங்கூபாய் ஹங்கலும் பீம்சேன் ஜோஷியும்.

அப்பெரியவரின் இறுதி நம்மோடு சம்பந்தப்பட்டது. 1937 அக்டோபரில் சென்னையில் பாடிவிட்டு, புதுச்சேரிக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தார். வழியில் மார்பு வலித்தது. செங்கற்பட்டுக்கு முன்னே உள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையிலேயே சுருதி கூட்டச் செய்து, தர்பாரி ராகத்தில் இறைவனைத் தொழுதபடி உயிர் நீத்தார் என்பர். அவருடைய உடல் மிரஜுக்கு வந்து சேர்ந்தது.

தர்காவின் நிழலில் இதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது எம் மூத்த தாயார் மௌனமாய் இருந்தார். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மில் முதியோர் வாய்விட்டுச் சொல்லாத கவலை ஒன்று உண்டு: கடைசி மூச்சு எந்த மண்ணிலே, அருகில் யார், அவர்கள் பேசுவது எந்த மொழி என்பதே அது. தமிழ் மண்ணில், ஒரு சிறு நிலையத்தில், வடக்கே பிறந்தவர் ஒருவர் மூச்சடங்கியிருக்கிறார். சுருதி சேர்ந்த இடம் அவருக்கு அந்நியமாய் இருந்திருக்குமா? இராது என்றே எம் மனம் சொல்கிறது. சற்று நேரம் கழித்துத் தாயார், “அவருக்கு அந்த இடம் வேற்றூர் இல்லை, நமக்கும் இது வேற்றூர் இல்லை” என்றார்.

இன்று நம் வீடுகளில் பாட்டுப் பயிலும் சிறுவர்க்குச் சுருதிப்பெட்டியும் கைப்பேசியும் நொடியில் ஆதார சுருதியைத் தந்துவிடுகின்றன. அவற்றை நாம் குறை கூறோம்; ஒண்டுக்குடித்தன வீட்டில் தம்பூரா வைக்க இடமேது? ஆயினும் காது கொடுத்துக் கேட்டு, முறுக்காணியைத் திருகி, நூலிழையை நகர்த்தி, ஒலி தானே கனியும்வரை காத்திருக்கும் பொறுமையைப் பிள்ளைகள் ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும். புது ஊரோடு இசைந்து வாழ்வதற்கும் அதே பொறுமைதான் வேண்டும்.

அடுத்த விடுமுறையில் அவ்வழியே செல்லும் அன்பர்கள் மிரஜில் ஒரு பகல் தங்குக. ஊருக்குப் போகும்போது சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தை வண்டி கடக்குமாயின், பிள்ளைகளைச் சாளரத்தருகே அழைத்து இக்கதையைச் சொல்லுக.