நாம் பிடிக்காத குடை

பல் கட்டிக்கொண்டால் எவரும் மறைப்பதில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தால் மறைப்பதில்லை. ஆனால், முகத்தில் இருந்த குறையொன்றை அகற்றத் தோல் மருத்துவரிடம் சென்று லேசர் சிகிச்சை செய்துகொண்டோம் என்று சொல்வதற்கு மட்டும் நம் குடும்பங்களில் இன்றும் நாக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தினால் விளையும் கேடு யாது என்பதைப் பிறர் சொல்லி நாம் அறியவில்லை. நம் முகமே நமக்கு அதைக் கற்பித்தது. அதனை ஒளியாமல் சொல்லுவதற்கே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பத்து நிமிட வேலை

ஐம்பது வயதைத் தாண்டியதும் நம் கண்களைச் சுற்றியும் கன்ன மேட்டிலும், மிளகைப் பிளந்து ஒட்டிவைத்தாற்போலச் சிறுசிறு கறுப்பு மருக்கள் தோன்றத் தொடங்கின. நம் அன்னையாருக்கும் அவ்வாறே இருந்தன. ஆகவே, குடும்பச் சொத்து என்று விட்டுவைத்தோம். அவற்றால் உயிருக்கு ஊறு ஒன்றுமில்லை. ஆனால், வலப்பக்க நெற்றிப்பொட்டில் இருந்த ஒன்று மட்டும் மூக்குக்கண்ணாடிக் கம்பியில் உராய்ந்து அடிக்கடி இரத்தம் கசிந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அருகிலுள்ள நகரத்துத் தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நன்கு பார்த்த பின், “பயப்பட வேண்டியது இல்லை, ஃபாதர். லேசரால் எடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை” என்றார்.

அப்போது நம் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்படியே கன்னத்தில் உள்ளவற்றையும் எடுத்துவிடலாமே” என்றோம். அவை எந்தக் கம்பியிலும் உராயாத மருக்கள். அவற்றை எடுக்கச் சொன்னது தேவையினால் அன்று, ஆசையினால். வாசகர்களிடம் ஒளிப்பானேன்?

மரத்துப்போகும் களிம்பைத் தடவிக் காத்திருக்கச் செய்தார்கள். கண்களுக்கு மூடி இட்டார்கள். எறும்பு கடித்தாற்போல ஒரு சுருக்கு, மயிர் கருகுவது போல ஒரு நாற்றம், வேலை முடிந்துவிட்டது. விடைபெறும்போது மருத்துவர் சொன்னார்: “ஃபாதர், லேசர் என் வேலை. வெயில் உங்கள் வேலை. பொருக்கைப் பிய்க்காதீர்கள். புண் ஆறும்வரை இந்தக் களிம்பு. ஆறிய பின் சன்ஸ்கிரீன். மூன்று மாதத்துக்குக் குடையில்லாமல் வெளியே போகாதீர்கள்.” தலையை ஆட்டிவிட்டு வந்தோம். முதல் பாதியைக் கேட்ட செவி, மறு பாதியைக் கேட்கவில்லை.

லேசர் என்பது மாயமன்று. ஒரே நிறத்து ஒளியை ஒரே திசையில் திரட்டிக் கூர்மையாக்கிய கதிர். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியடோர் மைமன் என்ற அறிவியலாளர் முதல் லேசர்க் கருவியை இயக்கிக் காட்டினார். நம் மருக்களை அகற்றியது கார்பன் டை ஆக்ஸைடு லேசர். அதனை 1964ஆம் ஆண்டில் உருவாக்கியவர், மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்பவர். அக்கதிரைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. கணத்தில் கொதித்து ஆவியாகிறது. அதனோடு மருவும் போய்விடுகிறது. எஞ்சுவது என்ன? மிகச் சிறிய ஒரு தீப்புண். அழகுக்காகச் செய்துகொண்டதாயினும் புண் புண்தான். இதை நாம் மறந்தோம்.

கொடியேற்ற நாள்

பத்தாம் நாளுக்குள் பொருக்குகள் தாமே உதிர்ந்தன. அவை இருந்த இடங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மின்னிற்று. கண்ணாடியில் பார்த்து நாம் மகிழ்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினாறாம் நாள் ஊர்த் திருவிழாவின் கொடியேற்றம். நம் பங்கு கடற்கரையோர ஊர். முற்பகல் பத்தரை மணிக்குக் கொடிப் பவனி புறப்பட்டு, கடற்கரை மணல் வழியே ஊரைச் சுற்றி வந்து சேர ஒரு மணி ஆகும். புறப்படும் வேளையில் உபதேசியார் பெரிய கறுப்புக் குடையொன்றை விரித்து நம் தலைக்கு மேல் பிடித்தார். “வேண்டாம், மடக்கும்” என்றோம். “சாமி, வெயில் கொளுத்துதே” என்றார். “பரவாயில்லை” என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம்? ‘மக்கள் வெயிலில் நடக்க, நாம் மட்டும் குடைக்கீழ் நடப்பதா’ என்று அன்று நமக்கு நாமே காரணம் கூறிக்கொண்டோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், உண்மைக் காரணம் வேறு. ஒருபோதும் குடை பிடிக்காதவர் இன்று பிடித்தால், ‘முகத்துக்கு என்ன?’ என்று யாரேனும் கேட்பார்கள். கேட்டால், மருவை எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். ‘இந்த வயதில் சாமியாருக்கு அழகு வேண்டியிருக்கிறதோ’ என்று சிரிப்பார்களே என்ற அச்சம்! சன்ஸ்கிரீன் பூசினால் முகம் வெளுத்துத் தெரியுமே என்று அதையும் பூசவில்லை. இரண்டரை மணி நேரம் வெயிலில் நடந்தோம்.

மூன்று வாரங்களில் விடை கிடைத்தது. மரு இருந்த ஒவ்வோரிடத்திலும் காப்பிக் கறைபோல ஒரு தழும்பு. முன்னிருந்த மருவைவிடப் பெரியது. மரு ஏழு இருந்தன, கறையும் ஏழு. பீடத்தில் நின்றபோது முன்வரிசைச் சிறுவன் ஒருவன் தன் தாயின் காதில் ஏதோ கேட்டான். எதை மறைக்க விரும்பினோமோ அதையே ஊரறியச் செய்தது வெயில்.

தோல் விரிக்கும் குடை

வெட்கத்தோடு மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். அதை நாம் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறோம்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருநிறப் பொருள். அது அழகுக்கென்றோ அழகின்மைக்கென்றோ அமைந்ததன்று, காவலுக்கென்று அமைந்தது. மேல்தோலின் உயிரணுக்களில், கருவுக்கு நேர்மேலே தொப்பி கவிழ்த்தாற்போல மெலனின் வந்து அமர்ந்து, கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் உள்ளே சென்று கருவைச் சிதைக்காதபடி தடுக்கிறது. சுருங்கச் சொன்னால், மெலனின் என்பது நம் உடல் தானே விரிக்கும் குடை.

லேசர் பட்ட இடம் சில வாரங்களுக்கு உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அக்கனலே மெலனினைச் சுரக்கும் அணுக்களைத் தூண்டிவிடப் போதுமானது. அதன்மேல் வெயிலும் பட்டால், ‘ஆபத்து, ஆபத்து’ என்று அவை அளவின்றி மெலனினைக் கொட்டிவிடுகின்றன. வெள்ளைத் தோலரைவிட நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் இந்தக் கறை எளிதில் விழுகிறது. ஏனெனில், நம் தோலின் அணுக்கள் மெலனின் ஆக்குவதில் வல்லவை. ‘கறுத்த தோலுக்கு வெயில் என்ன செய்யும்’ என்று நாம் சொல்லிக்கொள்வது, லேசருக்குப் பிறகு முற்றிலும் தவறாகிவிடுகிறது.

“நீங்கள் குடை பிடித்திருந்தால், தோல் பிடித்திருக்காது, ஃபாதர்” என்று முடித்தார் மருத்துவர். அந்தக் கறைகள் மங்கி மறைய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. பத்து நிமிட வேலைக்கு ஓராண்டுத் தண்டம்!

தாயும் மகளும்

சென்ற ஆண்டில் ஒரு தாயும் மகளும் திருமண ஓலை எழுத வந்தார்கள். அவர்கள் இசைவு பெற்றே இதை எழுதுகிறோம். பெண்ணின் கன்னங்கள் சிவந்து, சிறுசிறு புள்ளிகளாய்ச் சொரசொரத்திருந்தன. நமக்கு உடனே விளங்கிற்று. “லேசரா, அம்மா?” என்று மெல்லக் கேட்டோம். பெண் தலை குனிந்தாள். தாய் திடுக்கிட்டார். முகப்பருத் தழும்புகளுக்காக ஐந்து நாள் முன்பு செய்ததாம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாதாம். அதைவிடக் கவலைக்குரியது அடுத்து வந்தது. வரும் சனிக்கிழமை காலை, மணமக்களைக் கடற்கரையில் நிறுத்தி நிழற்படம் எடுக்க மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்திருந்தார்கள். “வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே, சாமி” என்றார் தாய்.

நமது கதையைச் சொன்னோம். ஏழு கறைகளையும் எண்ணிச் சொன்னோம். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். “என் முகத்தைப் பார்த்து எல்லாரும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள், சாமி. அதனால்தான் செய்தேன்” என்றாள். நமக்கு விடை கூற வாய் வரவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் நிறத்தை எடைபோட்டவர்கள், சிறு பிள்ளையைக் ‘கருவாயி’ என்று கொஞ்சுவதாய் எண்ணிக் குத்தியவர்கள் எல்லாரும் நம்முடைய வீட்டார்தாமே?

அன்று மாலையே அந்தத் தாய் சம்பந்தி அம்மாளைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதைச் சொன்னார். மறுமுனையிலிருந்து வந்த விடை இதுதான்: “இதற்கா அண்ணி இவ்வளவு தயங்கினீர்கள்? படத்தைப் பிறகு எடுத்துக்கொண்டால் போயிற்று. பிள்ளை வெயிலில் அலைய வேண்டாம்.” ஒரு வார அச்சம், இரண்டு நிமிடப் பேச்சில் தீர்ந்தது. எல்லா வீட்டிலும் இவ்வாறே முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், சொல்லிப் பார்க்காமல் எவர் மனத்தையும் நாம் அறிய முடியாதன்றோ?

செய்யத் தக்கவை

பட்டறிந்தவற்றையும் மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடிப்போம். அவரவர் மருத்துவர் சொல்வதே அவரவருக்கு முதன்மையானது.

முதலாவது, காலம் பார்த்துச் செய்யுங்கள். சித்திரை வெயிலில் கருகிய தோலில் லேசர் செய்வதும் கேடே. கார்காலமோ, வீட்டில் தங்கக்கூடிய விடுமுறையோ ஏற்றது. உப்பளத்திலும் வயலிலும் கடலிலும் உழைப்போர், தம் தொழிலை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளையும் சொல்ல வேண்டும். ஏனெனில், டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகள் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கின்றன. எந்த மச்சத்தையும் மருவையும் மருத்துவர் பாராமல் அழகு நிலையத்தில் எடுத்துவிடாதீர்கள். அது வேறு நோயாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, புண் ஆறும்வரை மருத்துவர் தந்த களிம்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பச்சைப் புண்ணில் சன்ஸ்கிரீனும் கூடாது. அந்நாட்களில் நிழலும் துணியுமே காப்பு. நம் பாட்டிமார் அன்போடு நீட்டும் எலுமிச்சைச் சாற்றை அறவே தவிருங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருங்கறையும் உண்டாகும்.

மூன்றாவது, ஆறிய பின் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூசுங்கள். 30 என்பது தோலைச் சுடவைக்கும் கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்பது சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே, எண்ணைவிட அளவே முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தபோதும் மீண்டும் பூச வேண்டும். கறையை உண்டாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. ஆகையால், நம்மவருக்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள களிம்பு கூடுதல் நன்மை தரும்.

நான்காவது, களிம்பை நம்பி வெயிலில் நிற்காதீர்கள். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை கூடியவரை நிழலில் இருங்கள். கடிகாரம் இல்லாவிடில் நிலத்தைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாயிருந்தால் வெயில் கடுமையானது. மெல்லிய மேகத்தையும் ஊடுருவிப் புற ஊதாக் கதிர் வரும். சன்னல் கண்ணாடியைத் தாண்டியும் அதில் ஒரு வகை வரும். கடற்கரையில் உலர்ந்த மணல் அக்கதிர்களில் சுமார் 15 விழுக்காட்டையும் கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பியடிக்கும். ஆகவே, அங்கே குடை மட்டும் போதாது, களிம்பும் வேண்டும். அடர்ந்த நெசவுள்ள கறுப்புக் குடையே சிறந்தது.

ஐந்தாவது, வீட்டாருக்குச் சொல்லுங்கள். மற்ற நான்கும் இந்த ஒன்றில் அடங்கும். வீட்டுக்குத் தெரிந்தால், கடைக்குப் போக வேறொருவர் வருவார், படத்தைத் தள்ளிவைப்பார்கள், குடையை எடுத்துக் கையில் தருவார்கள். மறைப்பவருக்கு வெயிலில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெற்றோரே, முகம் மாற வேண்டும் என்று உங்கள் பிள்ளை ஏங்குமானால், அந்த ஏக்கத்தை விதைத்தது நம் வீட்டுப் பேச்சுத்தானா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அதன் பின்னும் சிகிச்சை வேண்டுமெனில், ஏளனம் செய்யாமல் உடன் நில்லுங்கள். இவ்வாண்டுக் கொடியேற்றத்தின்போது உபதேசியார் மீண்டும் அதே கறுப்புக் குடையை விரித்தார். இம்முறை நாம் மறுக்கவில்லை. “ஏன் சாமி, இந்த வருஷம் குடை?” என்று ஒரு முதியவர் கேட்டார். சொன்னோம். அவர் சற்று நின்று நம் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “எனக்கும் கழுத்திலே நாலு இருக்கு, சாமி. எங்கே எடுத்தீங்க?” என்றார்.