செவுள் சொன்ன சேதி

போன மே மாதம். லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் தொட்டியைப் பார்த்துவிட்டு மகள் கத்தினாள். "அம்மா, சிண்டுவோட இறகெல்லாம் கொட்டிப்போச்சு!"

சிண்டு ஓர் ஆக்ஸலாட்டில். மீனுக்குக் கால் முளைத்தாற்போல் இருக்கும். ஆனால், மீன் அல்ல, தவளைக்கு உறவுக்காரன். மெக்சிகோவின் சோச்சிமில்கோதான் பூர்வீகம். நம் ஊரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1864-ல், அங்கிருந்து 34 ஆக்ஸலாட்டில்கள் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளரும் பலவும் அவற்றின் வாரிசுகளே. பாரிஸ் குளிர் அவற்றுக்குத் தோதானது. புதுச்சேரி வெயில்?

மகள் இறகு என்று சொன்னது செவுள்களை. தலையின் இருபக்கமும் மூன்று மூன்றாக, சிவப்பாக விரிந்திருக்கும். அன்று அதன் இழைகள் சுருங்கி, நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை.

மீன் கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். ஊற்றும் முன் கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். "ஊத்தாதீங்கம்மா! மீன் மருந்து சிலது இதுக்கு விஷம், தோல் வழியாவே உடம்புக்குள்ள போயிடும். முதல்ல தண்ணி எவ்வளவு சூடுன்னு பாருங்க" என்றார்.

31 டிகிரி! இதற்குத் தேவை 16 முதல் 18. 24-ஐத் தாண்டினாலே தவித்துப்போகும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் காட்டியது. அது துளியும் இருக்கக் கூடாது.

காரணம் நான்தான். ஃபில்டர் பஞ்சு அழுக்காக இருக்கிறதே என்று முந்தைய வாரம் குழாய்த் தண்ணீரில் பளிச்செனக் கழுவியிருந்தேன். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் இருக்கும். குளோரின் தண்ணீர் அதைக் கொன்றுவிட்டது. தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசியிருக்க வேண்டும்.

சிண்டுவைத் தனி டப்பில் விட்டோம். குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர். தினமும் முழுதாக மாற்றினோம். பூஞ்சைக்கு, மருத்துவர் சொன்னபடி உப்புக் குளியல்: அயோடின் சேர்க்காத உப்பு, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், பத்தே நிமிடம். உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிட்டுச் சூட்டைக் குறைத்தோம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டில் மாற்ற, மகள் அலாரம் வைத்து எழுந்தாள்.

ஐந்தாம் நாள் ஒரு மண்புழுவை லபக்கென்று விழுங்கியது. சில வாரங்களில் இழைகள் மறுபடி துளிர்த்தன. வெட்டுப்பட்ட காலையே வளர்த்துக்கொள்ளும் உயிர் அது. தண்ணீரைச் சரிசெய்து கொடுத்தால் போதும்.

இப்போது தினமும் காலையில் செவுளைத்தான் முதலில் பார்க்கிறோம். முன்பக்கம் வளைந்திருந்தால் ஃபில்டர் வேகம் அதிகமோ, தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று சோதிப்போம். சுருங்கினால் சூட்டையும் அமோனியாவையும் பார்ப்போம்.

"அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்பவர்களிடம் கடை பெயரைச் சொல்வதற்கு முன், சில்லர் வாங்கிய பிறகு வந்த கரன்ட் பில்லைக் காட்டிவிடுகிறேன்.